கலம் காத்த ஹாரிஸ்

1770-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஒருநாள் இரவு, சாவகத் தீவின் பட்டாவியாத் துறைமுகத்தில் பெருமழையும் இடியும் மின்னலும் ஒருங்கே வந்து மோதின. இன்று ஜகார்த்தா என வழங்கும் நகரமே அந்நாளில் பட்டாவியா எனப் பெயர் பெற்றிருந்தது. ஆங்கு நங்கூரம் பாய்ச்சி நின்ற கலங்களுள் ஒன்று டச்சு வணிகருடையது; மற்றொன்று, உலகைச் சுற்றி வந்துகொண்டிருந்த காப்டன் குக் என்பாரின் 'எண்டவர்'. இரண்டுக்கும் இடையே சில நூறு கெசத் தொலைவே இருந்தது. திடீரென்று இடியேறு ஒன்று வீழ்ந்தது. டச்சுக் கலத்தின் நடுப் பாய்மரம் பிளவுண்டு, தளத்தோடு முறிந்து சாய்ந்தது. அதே நொடியில் எண்டவரும் தாக்குண்டது. நிலநடுக்கம் வந்தாற்போல் கலம் முழுதும் அதிர்ந்தது. ஆயினும் அதில் ஒரு மரத்துண்டும் சிதையவில்லை. ஓர் உயிரும் மாளவில்லை. சற்று முன்னர்தான் அதன் மாலுமிகள் உலோகச் சங்கிலி ஒன்றைப் பாய்மரத்தின் உச்சியினின்று கடல்நீர் வரையில் தொங்கவிட்டிருந்தனர். மின்னல் அச்சங்கிலி வழியே இறங்கிக் கடலிற் கலந்துவிட்டது.

சங்கிலியை ஏற்றுவதற்குச் சிறிது காலம் தாழ்த்திருப்பின், எண்டவரும் தன் அண்டைக் கலம் பட்ட பாட்டையே பட்டிருக்கும். ஒரு கலத்தின் வாழ்வும் சாவும் மாலுமி ஒருவனின் சுறுசுறுப்பையே நம்பி நின்றன. இந்நிலை ஒழியவேண்டும், கலமே தன்னைத் தான் காத்துக்கொள்ளவேண்டும் என்று கருதி, அதற்கெனத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் வில்லியம் ஸ்நோ ஹாரிஸ் என்னும் பெரியார். அவருடைய வரலாற்றைக் கூறுமுன், கடலில் மின்னல் செய்யும் கொடுமையைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நன்று.

மின்னல் நிலத்தைவிடக் கடலில்தான் மிகுதியாக வீழ்கிறது என்று எண்ணுவோர் உளர். அது தவறு. எண்ணிக்கையில் நிலத்தின்மேல் வீழ்வனவே மிகப் பல. ஆயினும், நிலத்தில் மலையும் மரமும் கோபுரமும் மாடமும் உள்ளன. மின்னலுக்கு இலக்காக அவை பல இருத்தலால், எல்லாம் நம் தலைமேல் வீழ்வதில்லை. கடலிலோ கண்ணுக்கு எட்டிய வரையில் நீர்ப்பரப்பே. அதன் நடுவே ஓங்கி நிற்பது பாய்மரம் ஒன்றுதான். படகில் நிற்பவனும், நீரில் நீந்துபவனும்கூட அப்பரப்பில் உயர்ந்த பொருளே ஆகிவிடுகின்றனர். மின்னல் நேரே மேலே விழாமல் அருகில் நீரின்மேல் வீழ்ந்தாலும், அதன் விசை நீர்ப்பரப்பில் நாற்புறமும் பரவி, அங்கு நீந்துவோரைத் தாக்கும். இடி முழங்கும்போது குளத்திலும் ஆற்றிலும் இறங்கலாகாது என்று பெரியோர் தடுப்பதன் காரணம் இதுவே.

மேலும், மின்னல் எப்பொழுது எங்கே விழும் என்று எவராலும் வரையறுத்துக் கூற இயலாது. முகிலினின்று புறப்படும் மின்விசை, ஒரே பாய்ச்சலாக நிலத்தை வந்து அடைவதன்று. சில பத்து மீட்டர் நீளமுள்ள படிகளாக, இங்கும் அங்கும் வளைந்து நெளிந்து அது கீழே இறங்குகிறது. கீழே இருப்பது கோபுரமா, கலமா, வெறும் நீரா என்பது அதற்குப் பொருட்டன்று. தரையையோ நீரையோ மிக நெருங்கி வந்த பின்னரே, கீழே உயர்ந்து நிற்கும் பொருள்களிலிருந்து மின்பொறிகள் அதனை நோக்கி மேலெழுகின்றன. அவற்றுள் எது முந்திச் சென்று அதனோடு கூடுகின்றதோ, அதன் வழியே முழு மின்னலும் பாய்கின்றது. இவையெல்லாம் நாம் இமை மூடித் திறப்பதற்குள் நிகழ்ந்து முடிகின்றன. மழை பெய்யும் இடத்திற்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால், தெளிந்த வானின்கீழ் மின்னல் வீழ்ந்த நிகழ்ச்சிகளும் உண்டு. அது செல்லும் வழியில் காற்று 30,000 பாகை சென்டிகிரேடு அளவுக்குச் சூடேறுகிறது. கதிரவனின் மேற்பரப்பு வெப்பத்தைப்போல் அஃது ஐந்து மடங்கு.

இத்தகைய வெப்பமும் விசையும் மரத்தாலான பாய்மரத்தினுள் புகுந்தால் என்னாகும்? மரம் மின்விசைக்கு எளிதில் வழிவிடாது. அதனுள் உறைந்திருக்கும் ஈரம் நொடிப்பொழுதில் நீராவியாகி விரிய, பாய்மரம் வெடித்துச் சிம்பு சிம்பாகச் சிதறும். கயிற்றில் தொங்கி வேலை செய்யும் மாலுமியும், மரத்தடியில் நிற்கும் மாலுமியும் ஒருசேர மாள்வர். பாய்கள் தீப்பற்றும். கப்பலின் அடித்தட்டில் வெடிமருந்து அறை இருக்குமாயின், அதன் விளைவு சொல்லுந் தரமன்று. 1798-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், சுமத்திராத் தீவுக்கு அருகேயுள்ள பாங்கா நீரிணையில், 'ரெசிஸ்டன்ஸ்' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் திடீரென வெடித்துச் சிதறியது. 44 பீரங்கிகள் கொண்ட கலம் அது. அதிலிருந்த முந்நூறு பேருக்கு மேற்பட்டோருள், உயிர் பிழைத்து ஊர் சேர்ந்தோர் நால்வரே. மின்னல் வெடிமருந்து அறையைத் தீண்டியதே இந்த அழிவுக்குக் காரணம் எனக் கருதப்பட்டது.

மின்னலும் மின்விசையும் ஒன்றே என்பதை அமெரிக்கப் பேரறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1752-ஆம் ஆண்டளவில் உலகறியச் செய்துவிட்டார். அவர் வகுத்த இடிதாங்கி மாடங்களையும் கோயில்களையும் காக்கத் தொடங்கியது. வீட்டின் உச்சியில் ஓர் இரும்புக் கம்பியை நாட்டி, அதனை மண்ணில் புதைத்துவிடுதல் எளிது. ஆனால் கப்பலுக்கு அது பொருந்துமா? அக்காலப் பாய்மரம் ஒரே மரம் அன்று. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மரங்களை இணைத்து நிறுத்துவர். புயல் வந்தால் மேலுள்ளவற்றைக் கழற்றிக் கீழே இறக்குவர். இவ்வாறு ஏறி இறங்கும் மரத்தில் அசையாத கம்பியைப் பொருத்துவது எங்ஙனம்? ஆதலின், கப்பல்களுக்குச் சங்கிலி வழங்கினர். அச்சங்கிலி பெட்டிக்குள் கிடக்கும். வானம் இருண்டதும் எவனாவது ஒருவன் அதனை எடுத்துக்கொண்டு பாய்மரத்தின் உச்சிக்கு ஏறவேண்டும். புயலின் நடுவே, பாய்களைச் சுருட்டவே கைகள் போதாதபோது, சங்கிலியை நினைப்பவர் யார்? மின்னல் வீழ்ந்த பிறகு பார்த்தால், சங்கிலி பெட்டிக்குள்ளேயே பத்திரமாக இருக்கும்! பல கப்பல்களில் இதுவே வழக்கமாயிற்று.

இனி, ஹாரிசின் வரலாற்றுக்கு வருவோம்.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையில் பிளைமவுத் என்னும் புகழ்பெற்ற துறைமுக நகரம் உள்ளது. அங்கு 1791-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வில்லியம் ஸ்நோ ஹாரிஸ் பிறந்தார். கடற்படைக் கலங்கள் வந்து தங்குவதும், பழுது பார்க்கப்படுவதும், மீண்டும் பாய் விரித்துப் புறப்படுவதுமே அவ்வூரின் அன்றாடக் காட்சி. ஹாரிஸ் அவ்வூர்ப் பள்ளியிலேயே பயின்று, பின்னர் எடின்பரோ நகரம் சென்று மருத்துவக் கல்வி கற்றார். முதலில் குடிப்படையில் மருத்துவராகப் பணியாற்றினார். பிறகு பிளைமவுத்திலேயே மருத்துவத் தொழில் நடத்தினார்.

மருத்துவம் அவருக்கு வாழ்வு அளித்தது. ஆயினும் அவர் உள்ளம் மின்விசையிலேயே தோய்ந்திருந்தது. 1820-ஆம் ஆண்டில், தம் 29-ஆம் வயதில், கப்பல்களுக்கு ஏற்ற இடிதாங்கியை அவர் வகுத்துவிட்டார். நான்கு ஆண்டுகள் கழிந்து, 1824-இல் திருமணம் செய்துகொண்டபோது, மருத்துவத் தொழிலை அறவே விடுத்து மின்னியல் ஆராய்ச்சியிலேயே முழுவதும் ஈடுபட்டார். குடும்பப் பொறுப்பை ஏற்கும் நேரத்தில் வருவாயுள்ள தொழிலைக் கைவிடுபவரை ஊரார் மெச்சுவது அரிது. பின்னாளில் இடிமின்னல் ஹாரிஸ் என்று ஒரு பட்டப்பெயரும் அவருக்கு வழங்கலாயிற்று. அதில் ஏளனம் பாதி, அன்பு பாதி இருந்திருக்கலாம்.

அவர் கண்ட வழி யாது? சங்கிலியை அவர் ஒதுக்கித் தள்ளினார். பாய்மரத்தின் பின்புறத்தில் உச்சி முதல் அடி வரையில் நீண்ட பள்ளம் ஒன்று வெட்டச் செய்தார். அப்பள்ளத்தில் செப்புத் தகடுகளை இரண்டு அடுக்காகப் பதித்து, ஓர் அடுக்கின் பொருத்து மற்றோர் அடுக்கின் நடுவில் வருமாறு தறைந்து இறுக்கினார். தகடு மரத்தின் மேற்பரப்போடு ஒட்டியிருத்தலால், மேல்மரத்தை ஏற்றினாலும் இறக்கினாலும் அது தடையாவதில்லை. மரங்கள் எந்நிலையில் இருப்பினும் தகடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கும். பாய்மரத்தின் அடியில் வந்து சேரும் தகட்டைக் கப்பலின் அடிக்கட்டையோடும், அங்கிருந்து செப்பு ஆணிகளின் வழியே கப்பலின் புறத்தோடும் இணைத்தார். மரத்தைத் துளைக்கும் புழுக்களுக்கு அஞ்சி, அக்காலக் கப்பல்களின் அடிப்புறம் முழுவதையும் செப்புத் தகட்டால் போர்த்தியிருந்தனர். அப்போர்வையே ஹாரிசுக்குப் பெருந்துணை ஆயிற்று. பாய்மர உச்சியில் வீழும் மின்னல், செம்பின் வழியே இறங்கி, அகன்ற அச்செப்புப் பரப்பெங்கும் பரவிக் கடலில் கலந்துவிடும். எவனும் மேலே ஏறவேண்டுவதில்லை. எவனும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுவதும் இல்லை. பகலும் இரவும், மாலுமி விழித்திருந்தாலும் உறங்கினாலும், காவல் நின்றுகொண்டே இருக்கும்.

எந்த உலோகம் மின்விசையை நன்கு கடத்தும் என்பதை அவர் ஊகத்தால் முடிவு செய்யவில்லை. பல உலோகங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சோதித்து, 1826-ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றை வரைந்தார். அதன் பயனாக 1831-இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். மின்விசையை அளப்பதற்கு அவர் அமைத்த கருவிகள் அக்கால ஆராய்ச்சியாளர்க்குப் பெரிதும் பயன்பட்டன. 1835-இல் அக்கழகத்தின் காப்ளிப் பதக்கமும் அவரை வந்தடைந்தது. அறிவியல் உலகில் அதனினும் உயர்ந்த சிறப்பு அந்நாளில் அரிது.

ஆனால் கடற்படை ஆட்சியாளரின் மனம் அவ்வளவு எளிதில் இளகவில்லை. இடிதாங்கி மின்னலை விலக்குவதற்கு மாறாக, இல்லாத மின்னலையும் வலிய அழைத்து வரும் என்று சிலர் அஞ்சினர். மின்னலைக் கப்பலின் புறத்தே கொண்டுபோய்க் கடலில் விடாமல், கப்பலின் வயிற்றுக்குள்ளேயே, வெடிமருந்து அறைக்கு அருகில் இறக்குவது அறிவுடைமையா என்று சிலர் வினவினர். இவ்வளவு செம்புக்குப் பொருள் எங்கே என்று கணக்கர் முணுமுணுத்தனர். மின்காந்தத்தை முதன்முதல் அமைத்த வில்லியம் ஸ்டர்ஜன் போன்ற அறிஞரும் எதிர்த்து எழுதினார். தகட்டின் வழியே பாயும் மின்னல் பக்கவாட்டில் பொறியாகத் தாவி, அருகிலுள்ள வெடிமருந்தைக் கொளுத்திவிடும் என்பது அவர் வாதம். இவ்வினாக்களுள் எதனையும் அறிவிலார் கேட்டது என்று தள்ளிவிட முடியாது. பல நூறு பேரின் உயிரைத் தாங்கிச் செல்லும் கலத்தில் புதுமை ஒன்றைப் புகுத்துமுன் தயங்குவது பிழையன்று. ஆயின், தயக்கம் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டதே, அதுதான் வருந்தத்தக்கது.

ஹாரிஸ் சினங்கொள்ளவில்லை, செயலில் காட்டினார். 1831-ஆம் ஆண்டு நவம்பரில் பிளைமவுத் மன்றம் ஒன்றில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவு நினைவிற்கொள்ளத் தக்கது. அங்கே மின்விசை எழுப்பும் பொறி ஒன்றை இடிமுகிலாகக் கொண்டார். நீர் நிறைந்த தொட்டி ஒன்றைக் கடலாக்கினார். சிறுவர் விளையாடும் பொம்மைக் கப்பல் ஒன்றைப் போர்க்கப்பலாக அதில் மிதக்கவிட்டார். பின்னர் அம்முகிலினின்று மின்னலை வரவழைத்து அக்கப்பலின்மீது விழச்செய்து, தம் இடிதாங்கி அதனைக் காக்கும் வகையினைக் கண்ணாரக் காட்டினார். கேட்போர் கூட்டத்தில் 22 வயது இளைஞர் ஒருவர் அமர்ந்து வியந்து நோக்கினார். அவர்தாம் சார்ல்ஸ் டார்வின். உலகப் பயணம் புறப்படவிருந்த 'பீகிள்' கப்பலில் ஏறுதற்காக அவர் பிளைமவுத்தில் காத்திருந்தார். அவர் செல்லவிருந்த அக்கப்பலின் பாய்மரங்களிலும் ஹாரிசின் செப்புத் தகடுகள் பதிக்கப்பட்டிருந்தன. சோதனைக்கென அவற்றைத் தாங்கிய சில கப்பல்களுள் பீகிளும் ஒன்று.

அவ்வாண்டு டிசம்பர் 27-ஆம் நாள் பீகிள் புறப்பட்டது. தென்னமெரிக்கக் கரைகளையும், பசிபிக் பெருங்கடலையும், ஆஸ்திரேலியாவையும் சுற்றி, 1836-ஆம் ஆண்டு அக்டோபரில் தாயகம் திரும்பியது. அவ்வைந்தாண்டுகளிலும் எத்தனையோ இடிமழைகளை அது கண்டது. அதன் தலைவர் பிட்ஸ்ராய் விழிப்பும் நுணுக்கமும் உடையவர். வானிலையைக் கூர்ந்து நோக்கி எழுதி வைப்பவர். இரண்டு முறையேனும் கப்பல்மீது மின்னல் வீழ்ந்திருக்கவேண்டும் என்று அவர் கருதினார். கண்ணைப் பறிக்கும் ஒளியும் காதைப் பிளக்கும் ஓசையும் எழுந்த அதே நொடியில் பாய்மரங்களில் சீறல் ஒலி கேட்டதாகவும், கலம் மெல்ல நடுங்கியதாகவும் அவர் குறித்துள்ளார். அவ்வளவே. ஒரு கயிறும் கருகவில்லை. இடிதாங்கி உள்ள கப்பல், இல்லாத கப்பல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுமாறு தம்மைக் கேட்டால், சற்றும் தயங்காமல் ஹாரிசின் இடிதாங்கி உள்ளதையே தாம் கொள்வதாகவும் அவர் வெளிப்படையாக எழுதினார்.

இதற்கிடையே ஹாரிஸ் மற்றுமொரு பெரும்பணியில் இறங்கினார். கடற்படைக் கப்பல்களின் நாட்குறிப்புகளை ஆண்டுவாரியாகப் புரட்டி, மின்னல் தாக்கிய ஒவ்வொரு நிகழ்ச்சியையும் தேடித் திரட்டினார். எந்தக் கடலில், எந்த நாளில், எந்தப் பாய்மரம் முறிந்தது, எத்தனை பேர் இறந்தனர் என்பனவெல்லாம் அப்பட்டியலில் ஏறின. நூற்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. மாண்ட மாலுமிகள் மட்டும் எழுபது பேருக்கு மேல். காயமுற்றோர் அதனினும் மிகுதி. அதுவரை ஒவ்வொரு சாவும் ஒவ்வொரு கப்பலின் தனித் துயரமாகவே இருந்தது. கடலில் இதெல்லாம் நேர்வதுதான் என்று பெருமூச்செறிந்து, முறிந்த மரத்தை மாற்றிக்கொண்டு, அடுத்த பயணத்திற்குச் சென்றுவிட்டனர். ஒரே ஏட்டில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் காட்டியபோதுதான், அதன் பெருமளவு விளங்கிற்று. போர் நடக்கும் காலத்தில் இத்தனை கப்பல்கள் பாய்மரம் இழந்து, துறைமுகத்தில் முடங்கிக் கிடந்தன என்பதும் ஆட்சியாளர் கண்ணில் பட்டது. ஹாரிசின் சோதனைகள் அறிஞரை இணங்கச் செய்தன. அவர் தொகுத்த இப்பட்டியலே அரசினரை அசைத்தது என்று கூறத் தோன்றுகிறது. 1834-இல் கடல் தொழில் பற்றிய இதழொன்றிலும் அவர் தொடர்ந்து கட்டுரைகள் எழுதி, மறுப்புகளுக்கெல்லாம் விடையிறுத்தார்.

1839-ஆம் ஆண்டில் இதனை ஆராய்வதற்கு ஒரு குழு அமைக்கப்பட்டது. கடற்படை வல்லுநரும் அறிவியல் வல்லுநரும் அளித்த சான்றுகளைக் கேட்டு ஆராய்ந்த அக்குழு, ஹாரிசின் முறையை ஏற்கலாம் என்று பரிந்துரைத்தது. 1842-ஆம் ஆண்டில் கடற்படை அதனை ஏற்றுக்கொண்டது. அவர் அதனை வகுத்து அப்போது இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் கடலில் மாண்ட மாலுமிகளை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

சிறப்புகள் காலந்தாழ்த்து வந்தாலும், வந்தபோது நிறையவே வந்தன. 1841-இல் ஆண்டுக்கு 300 பவுன் உதவித்தொகை வழங்கப்பட்டது. 1845-இல் உருசிய நாட்டுப் பேரரசர் மோதிரம் ஒன்றையும் அழகிய கலசம் ஒன்றையும் பரிசாக அனுப்பினார். 1847-இல் பிரிட்டிஷ் அரசு அவருக்குச் 'சர்' பட்டம் அளித்தது. 5,000 பவுன் கொடையும் வழங்கியது. பீரங்கிகள் முழங்கும் கப்பலில் இருந்தறியாத மருத்துவர் ஒருவருக்கு, கடற்படையின் பொருட்டு இச்சிறப்புகள் கிடைத்தமை விந்தையே. இலண்டன் பாராளுமன்றக் கட்டடத்தை மின்னலினின்று காக்கும் அமைப்பினை வகுக்கும் பொறுப்பும் பின்னர் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. 1860-இல் மின்னியல் தொடர்பான செய்திகளில் அரசினர்க்கு அறிவுரை கூறும் பதவியை ஏற்றார். கப்பல்களுக்குத் திசைகாட்டும் கருவியைத் திருத்தியமைத்ததும், மின்னியலையும் காந்தவியலையும் தொடக்க மாணவரும் பயிலத்தக்க எளிய நூல்களாக எழுதியதும் அவர் செய்த பிற பணிகள்.

அவர் முதுமை எய்தியபோது கடலின் தோற்றமே மாறத் தொடங்கியிருந்தது. மரக்கலங்களின் காலம் மறைந்து, இரும்புக் கப்பல்களின் காலம் உதித்தது. இரும்பால் அமைந்த கப்பலுக்கு அதன் உடலே இடிதாங்கி. மின்னல் எங்கு வீழ்ந்தாலும் இரும்பின் வழியே ஓடிக் கடலை அடைந்துவிடும். எனவே பள்ளம் வெட்டுவதும் செப்புத் தகடு பதிப்பதும் படிப்படியாக வேண்டாதனவாயின. எனினும், உச்சி முதல் நீர் வரையில் அறுபடாத உலோக வழி ஒன்று எப்போதும் இருத்தல்வேண்டும் என்று ஹாரிஸ் கண்ட நெறி மாறவில்லை. மரத்தாலும் கண்ணாடி இழையாலும் ஆன பாய்ப்படகுகளை இன்று கட்டுவோரும், மின்னலினின்று அவற்றைக் காக்க அந்நெறியையே பின்பற்றுகின்றனர். இத்தகைய காப்பு இல்லாத சிறு படகுகளில் மீன்பிடிக்கச் செல்வோர் இன்றும் உலகெங்கும் மின்னலுக்கு இரையாகி வருகின்றனர்.

ஹாரிஸ் தாம் பிறந்த பிளைமவுத்தை விட்டு நீங்கவில்லை. தம் 75-ஆம் வயதிலும் உராய்வினால் தோன்றும் மின்விசையைப் பற்றிப் பெருநூல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். அப்பணி நிறைவுறுமுன், 1867-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள் அவ்வூரிலேயே காலமானார். அவர் விட்டுச்சென்ற அந்நூலை நண்பர் ஒருவர் ஒழுங்குபடுத்த, அஃது அவ்வாண்டே அச்சேறி வெளிவந்தது.